வலியில்லாதவர்களின் படங்கள்

கசகசா விதையிலிருந்து பிழிந்த எண்ணெயில் அயோடினைப் பிணைத்து 1901இல் பாரிஸ் மருந்தியலாளர் மார்செல் கெர்பே ஒரு மருந்து செய்தார். லிப்பியோடால் என்று அதற்குப் பெயர். எக்ஸ்ரேக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. அயோடின் கொடுத்தால் நல்லது என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் நம்பிய நோய்களுக்கெல்லாம் கொடுக்கப்பட்ட மருந்து அது. அதே ஆண்டில், அதே ஊரில், ழான்-அத்தனாஸ் சிக்கார் என்ற நரம்பியல் மருத்துவர், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்கு முதுகெலும்புக் கால்வாயின் அடிமுனை வழியாகக் கொக்கேன் கரைசலை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகள் கழித்து இந்த இரண்டு முயற்சிகளும் ஒன்றுகூடின. சிக்காரும் அவருடைய இளைய சகா ழாக் ஃபொரஸ்தியேவும் இடுப்புவலிக்கும் சயாட்டிகாவுக்கும் சிகிச்சையாக லிப்பியோடாலை ஊசியில் செலுத்தினார்கள். (ஃபொரஸ்தியே 1920 ஒலிம்பிக்கில் பிரான்சின் ரக்பி அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். முடக்குவாதத்துக்குத் தங்க உப்பு ஊசியைக் கொண்டுவந்தவரும் அவரே.) ஊசி ஒருமுறை இலக்கைத் தாண்டித் தண்டுவடத் திரவத்துக்குள் போய்விட்டது, எண்ணெய்த் துளிகள் அதில் இறங்குவதை எக்ஸ்ரே திரையில் கண்டார்கள் என்று ஒரு கதை மருத்துவ வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும், 1921-22இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகளோடு மைலோகிராம் என்ற பரிசோதனை நிலைபெற்றது. வலிக்கு மருந்தாக உடலுக்குள் போன எண்ணெய், வலியின் காரணத்தைத் தேடும் கருவியாக மாறியது.

அதற்குப் பின்வந்த நூறு ஆண்டுகளை ஒரு முன்னேற்றக் கதையாக எழுதுவது சுலபம். எண்ணெய் போய் நீரில் கரையும் மருந்து வந்தது, எக்ஸ்ரே போய் காந்தம் வந்தது, படம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கூர்மையானது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நாட்பட்ட வலியைப் பற்றி, உடலின் உட்பகுதியைப் படத்தில் தெரியவைக்கும் இந்தக் கான்ட்ராஸ்ட் மருந்துகள் நமக்குக் கற்றுத்தந்தது என்ன என்று கேட்டால் வேறொரு வரலாறு எழுகிறது. கான்ட்ராஸ்ட் மருந்து எதுவும் வலியைக் காட்டியதில்லை. வலியுள்ள ஒருவரின் உடலில் ஓர் இடத்தின் வடிவத்தைக் காட்டியது. அந்த வடிவம் வலியே இல்லாதவரின் உடலிலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது வலி அறிவியலுக்குப் பயன்பட்டது. அப்படிப் பார்க்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தத் தாமதத்துக்கு மருத்துவர்களின் அலட்சியம் ஒரு காரணம்தான். கான்ட்ராஸ்ட் மருந்தின் இயல்பே அதைவிடப் பெரிய காரணம் என்பது என் வாதம்.

முதலில் மைலோகிராம் படத்தில் தெரிவது என்ன என்பதைப் பார்த்துவிடலாம். எலும்பில் சுண்ணாம்புச்சத்து இருப்பதால் எக்ஸ்ரே அதைக் காட்டும். நரம்பு, டிஸ்க், தண்டுவடம், அதைச் சூழ்ந்த திரவம் ஆகியவை எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஏறக்குறைய தண்ணீர்தான்; ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் காண முடியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வால்டர் டான்டி 1919இல் திரவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றை நிரப்பிப் பார்த்தார். படம் மங்கல், நோயாளிக்குக் கடுமையான தலைவலி. அயோடினின் அணு எண் 53. கனமான அணு என்பதால் எக்ஸ்ரேயை நன்றாக விழுங்கும். அது கலந்த எண்ணெய் கால்வாயில் பரவினால் கால்வாய் முழுக்கப் படத்தில் வெண்மையாகத் தெரியும். ஏதாவது ஒன்று வெளியிலிருந்து அழுத்தினால் அந்த இடத்தில் எண்ணெய் புகாது, வெண்மையில் ஒரு பள்ளம் விழும். மருத்துவர் படித்ததெல்லாம் அந்தப் பள்ளத்தைத்தான். பள்ளத்திலிருந்து வலிக்குப் போக இரண்டு படிகள் உண்டு. இங்கே ஏதோ அழுத்துகிறது என்பது முதல் படி, அது இயற்பியல். இந்த அழுத்தம்தான் இவருக்கு வலிக்கிறது என்பது இரண்டாவது, அது ஊகம். முதல் படி எவ்வளவு உறுதியாக இருந்ததோ அவ்வளவு உறுதி இரண்டாவதற்கும் இருப்பதாக எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள்.

அந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது 1934 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரை. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நரம்பறுவை செய்த வில்லியம் ஜேசன் மிக்ஸ்டரும் எலும்பியல் மருத்துவர் ஜோசப் பாரும் 19 நோயாளிகளை முன்வைத்தார்கள். அதுவரை தண்டுவடக் கால்வாயில் கண்டெடுக்கப்பட்ட குருத்தெலும்புத் துண்டுகளைக் கட்டி என்றே நினைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கட்டியே இல்லை, உடைந்து பிதுங்கிய டிஸ்க் என்று இருவரும் காட்டினார்கள். சயாட்டிகாவுக்கு இடுப்பு மூட்டு முதல் பல்லில் சீழ் வரை காரணம் தேடிய காலத்தில் இது பெரிய தெளிவு. காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், ஒரு குறிப்பிட்ட தசை தளர்தல், அதே நரம்பு வெளிவரும் இடத்தில் படத்தில் பள்ளம், அறுத்தால் அங்கே டிஸ்க் துண்டு: இத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தின. அந்தப் பொருத்தம் சரியானது. தவறு, அந்தப் பொருத்தமே இல்லாத இடத்துக்கும் அதே விளக்கம் பரவியதில் நேர்ந்தது. காலுக்கு இறங்காமல் இடுப்பிலேயே வருடக்கணக்கில் தங்கிவிடும் வலிக்கும் டிஸ்க்தான் காரணம் என்ற முடிவை 1934 கட்டுரை நிரூபிக்கவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் அறுவை அரங்குகள் அதை எடுத்துக்கொண்டன. இத்தனைக்கும் எச்சரிக்கை முன்னமே இருந்தது. டிரெஸ்டனில் கேயார்க் ஷ்மோர்ல் ஆயிரக்கணக்கான சடலங்களின் முதுகெலும்புகளை அறுத்து ஆராய்ந்தவர். டிஸ்க் பின்பக்கம் பிதுங்கி நிற்பதை 1920களின் இறுதியிலேயே அவருடைய கூடத்தில் கணிசமான எண்ணிக்கையில் கண்டார்கள். வாழும்போது வலித்ததா என்று சடலத்தைக் கேட்க வழியில்லை. அந்தப் பிதுக்கங்களுக்கு மருத்துவ முக்கியத்துவம் இல்லை என்றுதான் அன்று எண்ணினார்கள்.

உயிரோடு இருப்பவர்களில், வலி இல்லாதவர்களைச் சோதித்தால்தான் விடை கிடைக்கும். இங்கேதான் கான்ட்ராஸ்ட் மருந்தே குறுக்கே நின்றது. முதுகில் ஊசி குத்தி, உடலில் கரையாத எண்ணெயை நரம்புகளுக்கு நடுவே விடும் பரிசோதனையை ஆரோக்கியமான ஒருவருக்கு எப்படிச் செய்வது? செய்வது அறமில்லை, யாரும் செய்யவும் இல்லை. அதனால் மைலோகிராம் படிக்கக் கற்றவர்கள் பார்த்ததெல்லாம் வலியுள்ளவர்களின் படங்களையே. கேள்வி 1968இல் பக்கவாசல் வழியாக வந்தது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, இடுப்பில் கான்ட்ராஸ்ட் எண்ணெயைச் செலுத்தி, மேசையைத் தலைகீழாகச் சாய்த்து, எண்ணெயை மண்டையோட்டு அடிவரை ஓடவிட்டுப் படம் எடுப்பது அப்போதைய முறை. எண்ணெய் போகும் வழியில் முதுகெலும்பு முழுவதும் உண்டு. வில்லியம் ஹிட்செல்பெர்கரும் ரிச்சர்ட் விட்டனும் இப்படிப்பட்ட 300 பேரின் முதுகுப் படங்களை எடுத்துப் பார்த்தார்கள். முதுகுவலியோ கால்வலியோ அவர்களுக்கு இல்லை. 37 சதவீதத்தினரின் படம் இயல்பாக இல்லை. இடுப்புப் பகுதியில் மட்டுமே 24 சதவீதத்தினருக்குக் கோளாறு தெரிந்தது. நாலு பேரில் ஒருவர், முதுகுவலி என்று சொல்லி வந்திருந்தால் அறுவை மேசைக்குப் போகத் தகுந்த படத்தை வைத்துக்கொண்டு, வேறு எதற்காகவோ மருத்துவமனைக்கு வந்திருந்தார். நாட்பட்ட வலி ஆராய்ச்சியில் கான்ட்ராஸ்ட் மருந்து தந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன். காது நோயாளிகள் தந்தது அது.

பின்னாளில் ஊசியே தேவைப்படாத எம்.ஆர்.ஐ. வந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்பது எளிதாயிற்று. 1994இல் வெளியான ஜென்சன் குழுவின் ஆய்வில் முதுகுவலி இல்லாத 98 பேரில் 36 சதவீதத்தினருக்கே எல்லா டிஸ்க்குகளும் இயல்பாக இருந்தன. 52 சதவீதத்தினருக்கு ஒன்றிலாவது டிஸ்க் புடைப்பு இருந்தது. இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டர்கள் கொடுக்கும் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று அச்சாகி வருவது இதுதான். 2015இல் 3,110 பேரின் தரவைத் தொகுத்த ஓர் ஆய்வு, வலியில்லாத இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு தெரியும் என்று கணக்கிட்டது. இந்த ஆய்வுகளில் கான்ட்ராஸ்ட் மருந்துக்குப் பங்கில்லை. எனினும் ஊசி நீங்கியதும் ஒப்பீட்டுக் குழு உடனே கிடைத்தது என்பதே, அத்தனை காலம் அது கிடைக்காமற்போனதற்கு ஊசிதான் தடை என்பதைச் சொல்கிறது.

வரலாற்றின் இன்னொரு இழை இதைவிடக் கசப்பானது. வலியின் காரணத்தைத் தேடப் போன மருந்து சிலருக்கு வலியின் காரணமானது. லிப்பியோடால் கெட்டியானது, உள்ளே விட்டால் வெளியே எடுப்பது கடினம். 1944இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேன்டோபேக் என்ற புதிய அயோடின் எண்ணெய் உருவானது. பிரிட்டனில் அதன் பெயர் மயோடில். இது இளக்கமானது, படம் எடுத்த பிறகு அதே ஊசி வழியாக உறிஞ்சி எடுத்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. நடைமுறையில் கொஞ்சம் மிச்சம் தங்கும், சில இடங்களில் அப்படியே விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு அழற்சியுற்று, நரம்பு வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அராக்னாய்டைட்டிஸ் என்ற நிலை சிலருக்கு வந்தது. அது தீராத எரிச்சல் வலி. பிரிட்டனில் நோயாளிகள் தொடுத்த வழக்கை 1995இல் கிளாக்ஸோ நிறுவனம், பொறுப்பை ஏற்காமலே, பணம் கொடுத்து முடித்துக்கொண்டது. இதில் ஓர் ஆட்சேபம் நியாயமானது. அந்த நோயாளிகளுக்கு முன்பே முதுகுவலி இருந்தது, பலருக்கு அறுவையும் நடந்திருந்தது. எண்ணெய்தான் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? தனி ஒருவரைக் காட்டிச் சொல்ல முடியாதுதான். ஆனால் 1966இலேயே ஹவ்லண்டும் கரியும் விலங்குச் சோதனையில், பேன்டோபேக்கோடு இரத்தமும் சேர்ந்தால் அழற்சி கடுமையாகிறது என்று காட்டியிருந்தார்கள். முதுகில் குத்தும் ஊசி கொஞ்சம் இரத்தம் கசியவிடுவது அன்றாடம். அந்தச் சான்று வந்த பிறகும் எண்ணெய் இருபது ஆண்டுகளுக்கு மேல் சந்தையில் இருந்தது. பின்னோக்கிப் பார்த்துப் பழிசொல்வது எளிது என்பார்கள். ஸ்வீடன்காரர்கள் பின்னோக்கிப் பார்க்கவில்லை. எண்ணெய் உடலில் தங்கும் என்ற காரணத்துக்காகவே 1930களிலிருந்து அதைத் தவிர்த்து, நீரில் கரையும் அப்ரோடிலைப் பயன்படுத்தினார்கள். அது நரம்பை அத்தனை கடுமையாக எரித்ததால், தண்டுவட மயக்க மருந்து கொடுத்த பிறகே செலுத்த முடிந்தது என்பது வேறு விஷயம்.

இந்த எரிச்சல்தான் அடுத்த திருப்பத்தின் வித்து. 1960களில் இரத்தக் குழாய்ப் படங்களுக்குச் செலுத்தப்பட்ட கான்ட்ராஸ்ட் மருந்துகள் நோயாளியை வலியில் துடிக்கவைத்தன. ஸ்வீடனின் கதிரியக்க மருத்துவர் டோர்ஸ்டன் அல்மேன் அதற்குக் காரணம் அயோடினாக இருக்காது என்று யோசித்தார். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் கண்ணைத் திறந்துகொண்டு நீந்தினால் எரிவதில்லை, மேற்குக் கரையின் உப்பு மிகுந்த நீரில் எரிகிறது என்ற அனுபவம் அவருக்கு வழிகாட்டியதாகச் சொல்வார்கள். அன்றைய மருந்துகள் உப்புகள். நீரில் கரைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு துகளாகப் பிரியும். அதில் ஒன்றில்தான் அயோடின் உண்டு, மற்றது படத்துக்கு உதவாமல் கரைசலின் செறிவை மட்டும் ஏற்றும். அந்தச் செறிவு இரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல். பிரியாத மூலக்கூறைச் செய்தால் அதே அயோடினுக்குப் பாதித் துகள்களே இருக்கும் என்ற யோசனையை 1969இல் அவர் ஒரு கோட்பாட்டு உயிரியல் இதழில் வெளியிட்டார். கதிரியக்க மருத்துவத்துக்கு வெளியே உள்ள இதழில் அது வந்தது என்பதே, யோசனை எவ்வளவு புதிது என்பதைக் காட்டுகிறது. நார்வேயின் நைகார்டு நிறுவனம் அதை ஏற்று மெட்ரிசமைடையும், பிறகு அயோஹெக்சாலையும் தயாரித்தது. தண்டுவடத்துக்குள் செலுத்திய பிறகு தானே உடலிலிருந்து வெளியேறிவிடும் மருந்து அப்படித்தான் கிடைத்தது. கான்ட்ராஸ்ட் மருந்தின் வரலாற்றில் வலியை நேரடியாக ஆராய்ந்து, காரணத்தைக் கண்டு, நீக்கிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அந்த வலி மருந்தே உண்டாக்கிய வலி.

மைலோகிராமின் குறையை உணர்ந்தவர்கள் வேறொரு வழியும் முயன்றார்கள். ஸ்வீடனின் க்னூட் லிண்ட்ப்ளோம் 1948இல் டிஸ்க்குக்குள்ளேயே ஊசியைச் செலுத்திக் கான்ட்ராஸ்ட் மருந்தை நிரப்பினார். டிஸ்கோகிராம் என்ற இந்தப் பரிசோதனையில் படம் பாதி, நோயாளியின் வாய்மொழி பாதி. மருந்து அழுத்தத்தோடு புகும்போது வலிக்கிறதா, வழக்கமாக வரும் அதே வலிதானா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் குற்றவாளி டிஸ்க் அகப்பட்டுவிட்டது. வலியை அளக்க வலியையே கேட்பது என்ற வகையில் இது மைலோகிராமைவிட நேர்மையான முறை. ஆனால் இங்கும் வலியில்லாதவர்தான் உரைகல்லாக வேண்டியிருந்தது. 1968இல் ஹோல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் சிறைக் கைதிகளிடம் இதைச் செய்து, முதுகுவலி இல்லாதவர்களிலும் 37 சதவீதம் தவறான விடை கிடைக்கிறது என்றார். கைதியின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்ற கேள்வியை இன்று யாரும் எழுப்பாமல் விடமாட்டார்கள். அன்று எழுந்த ஆட்சேபங்கள் வேறு: அவர் பயன்படுத்திய மருந்தே எரிச்சலூட்டும் வகை, ஊசி சரியான இடத்தில் இல்லை என்றார்கள். 1990இல் வால்ஷ் குழு நல்ல மருந்தோடும் கட்டுப்பாட்டோடும் பத்துத் தன்னார்வலர்களிடம் செய்தபோது தவறான விடை ஒன்றுகூட வரவில்லை. விவாதம் முடிந்ததாகவே பலர் நினைத்தார்கள்.

ஸ்டான்ஃபோர்டின் யூஜின் காராகி அதை மறுபடி திறந்தார். அவருடைய கேள்வி கூர்மையானது: டிஸ்கோகிராமுக்கு வருபவர்கள் வலியே அறியாத தன்னார்வலர்களைப் போன்றவர்களா? அவர்கள் ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்ந்து, தூக்கம் கெட்டு, நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்தவர்கள். ஆகவே இடுப்பு எலும்பிலிருந்து ஒட்டுக்காக எலும்பு எடுத்ததால் அந்த இடத்தில் வலியுள்ள, ஆனால் முதுகில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களை அவர் 1999இல் சோதித்தார். டிஸ்க்குக்குள் மருந்து போனதும் அவர்களில் சிலர், இது என் வழக்கமான வலிதான் என்றார்கள். வலி வந்த இடம் வேறு, அடையாளம் காட்டிய இடம் வேறு. 2000இல் வெளியிட்ட ஆய்வில், வலியே இல்லாதவர்களிடம் தவறான விடை 10 சதவீதமாகவும், கழுத்தில் நாட்பட்ட வலியுள்ளவர்களிடம் 40 சதவீதமாகவும் இருந்தது. கழுத்துவலி இடுப்பு டிஸ்க்கின் சாட்சியத்தை மாற்றுகிறது. இதற்கு எதிராகவும் கணக்குகள் உண்டு. 2008இல் முந்தைய ஆய்வுகளை, அழுத்தத்தை அளந்து செலுத்தும் முறையின்படி மறுபடி கணக்கிட்டவர்கள், தவறான விடை நோயாளிக்கு 10 சதவீதத்துக்கும் கீழே என்று காட்டினார்கள். முறை கண்டிப்பானால் பிழை குறையும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் காராகி கேட்டது முறையைப் பற்றி மட்டும் இல்லை, யாரோடு ஒப்பிடுவது என்பதைப் பற்றி. அந்தக் கேள்விக்கு அழுத்தமானி பதிலாகாது. பத்தாண்டுகள் கழித்து அதே ஸ்டான்ஃபோர்டு குழு, டிஸ்கோகிராம் செய்துகொண்ட தன்னார்வலர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் எம்.ஆர்.ஐ.யில் ஒப்பிட்டது. ஊசி குத்தப்பட்ட டிஸ்க்குகளில் 35 சதவீதத்திலும் மற்றவற்றில் 14 சதவீதத்திலும் தேய்வு கூடியிருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் சேர்ந்தவர்கள் அதற்காக ஒரு விலையும் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் ஓர் அறுவை மருத்துவர் கோபப்படலாம். கோபத்தில் நியாயமும் உண்டு. தண்டுவடக் கட்டி, சீழ், சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழக்கவைக்கும் கடும் நரம்பு அழுத்தம் ஆகியவற்றைக் கான்ட்ராஸ்ட் படங்கள் காட்டியதால் நடந்தவர்கள், பிழைத்தவர்கள் கணக்கற்றவர்கள். அதை யாரும் மறுக்கவில்லை. நாட்பட்ட வலி என்ற குறுகிய வட்டத்துக்குள்தான் என் வாதம். அந்த வட்டத்தின் விளிம்பில் நிற்கும் சயாட்டிகாவிலேயே என்ன நடந்தது என்று நார்வேயின் ஹென்ரிக் வெபர் 1983இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மைலோகிராமில் டிஸ்க் பிதுக்கம் உறுதியான 280 பேரில், அறுவை வேண்டுமா என்பதில் ஐயமிருந்த 126 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களின் நிலை தெளிவாக மேல். நான்காம் ஆண்டில் இரு குழுவுக்கும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை, பத்தாம் ஆண்டிலும் இல்லை. படம் சரியாகவே பிதுக்கத்தைக் காட்டியிருந்தது. அந்தப் பிதுக்கம் உடலுக்குள் என்ன ஆகும், வலி எப்போது தணியும் என்பதைப் படத்தால் சொல்ல முடியவில்லை. இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. படம் சுத்தமாக இருந்துவிட்டால் வலி என்று சொல்பவர் நடிக்கிறார் என்ற முடிவுக்கு நிறுவனங்களும் இழப்பீட்டு மன்றங்களும் வருவதற்கு அதே நம்பிக்கைதான் துணைபோனது.

எம்.ஆர்.ஐ.க்கான முதல் கான்ட்ராஸ்ட் மருந்து கடோலினியத்தைக் கொண்டு செய்யப்பட்டது. பெர்லினின் ஷேரிங் நிறுவனத்தில் உருவாகி 1988இல் புழக்கத்துக்கு வந்தது. அறுவைக்குப் பிறகும் வலி தொடரும் முதுகில், புதிதாகப் பிதுங்கிய டிஸ்க்கையும் பழைய தழும்பையும் பிரித்தறிய அது உதவியது. தழும்பில் இரத்தக் குழாய்கள் உண்டு என்பதால் அது ஒளிரும், டிஸ்க் ஒளிராது. தழும்பு பெரிதாக உள்ளவர்களுக்குக் கால்வலி திரும்ப வரும் வாய்ப்பு 3.2 மடங்கு என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது, பின்வந்த சில ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. தழும்பு எல்லாருக்கும் உண்டு, வலி சிலருக்குத்தான். பழைய பாடமே புதிய உலோகத்தில் திரும்ப வந்தது. எண்ணெயின் பாடமும் திரும்பியது: சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலையும் உறுப்புகளையும் இறுகவைக்கும் நோய்க்கு 2006இல் கடோலினியம் காரணமாகக் காட்டப்பட்டது, 2014 முதல், மூளையில் அது படிந்து தங்குவதும் தெரியவந்தது.

இனி, இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் மிக வலுவான ஆட்சேபம். முதுகெலும்பைப் பார்த்தால் வலி தெரியாதுதான், மூளையைப் பார்த்தால் தெரியும் அல்லவா? 1991இல் ஜான் பெலிவோ, மிக்ஸ்டரும் பாரும் இருந்த அதே பாஸ்டன் மருத்துவமனையில், கடோலினியத்தை இரத்தத்தில் செலுத்தி, மூளை வேலை செய்வதை எம்.ஆர்.ஐ.யில் முதல்முறை படமாக்கினார். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தத்தால் ஈர்க்கப்படும் என்று பாலிங்கும் கோரியெல்லும் 1936இல் காட்டியிருந்ததை வைத்து, செய்ஜி ஓகாவா இரத்தத்தையே கான்ட்ராஸ்டாகப் பயன்படுத்தும் வழியை 1990இல் கண்டிருந்தார். 1992க்குள் ஊசியே வேண்டாம் என்றாயிற்று. 2013இல் டோர் வேஜர் குழு, சூட்டால் உண்டாகும் வலியை மூளைப் படத்திலிருந்தே 90 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தோடு கண்டறிந்தது. ஆனால் அது ஆரோக்கியமானவர்களின் தோலில் சில நொடிகள் நீடித்த வலி. பத்து வருடம் தூங்கவிடாத வலியைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லவில்லை. அந்தப் பழைய வரலாறு இங்கே தலைகீழாகியிருக்கிறது: அன்று நோயாளிகளை மட்டும் பார்த்தார்கள், இங்கே நலமானவர்களை மட்டும். வலி ஆய்வுக்கான உலகச் சங்கத்தின் குழு 2017இல், ஒருவருக்கு வலி உண்டா இல்லையா என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க மூளைப் படத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று முடிவு சொன்னது.

அதே பாஸ்டன் மருத்துவமனையில் மார்கோ லோஜியா குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு, நான் சொல்லவரும் நிதானத்துக்கு நல்ல உதாரணம். மூளையின் துணைச் செல்களான கிளியா, அழற்சியின்போது மிகுதியாக உற்பத்தி செய்யும் ஒரு புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கத் தடமியை அவர்கள் பயன்படுத்தினார்கள். நாட்பட்ட இடுப்புவலியுள்ள 10 பேரிடம் தாலமஸ் பகுதியில் ஒளிர்வு கூடுதல். ஒப்பீட்டுக்கு வலியில்லாத 9 பேர் முதலிலிருந்தே ஆய்வில் இருந்தார்கள். மனிதர்களிடையே ஒரு மரபணு வேறுபாட்டால் இந்தத் தடமி சிலரிடம் நன்றாகவும் சிலரிடம் குறைவாகவும் ஒட்டும் என்பதால் அதையும் பார்த்தே இணை சேர்த்தார்கள். வியப்பு என்னவென்றால், நோயாளிகளுக்குள் ஒளிர்வு அதிகமானவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஒளிர்வு வலியின் அளவாக இல்லை, வலிக்கு எதிராக உடல் எடுத்த ஏற்பாடாகக்கூட இருக்கலாம். வலியில்லாதவர்களைப் பக்கத்தில் வைத்து, நோயாளிகளையும் தங்களுக்குள் ஒப்பிட்டதால்தான் அந்தச் சந்தேகம் எழவே முடிந்தது.

ஸ்டான்ஃபோர்டில் சந்தீப் பிஸ்வால் குழு, நரம்புக் காயத்திலும் அழற்சியிலும் கூடும் சிக்மா-1 என்ற ஏற்பியில் ஒட்டும் தடமியைச் சோதித்தது. வலி பிறக்கும் இடத்தையே காட்ட வேண்டும் என்பது நோக்கம். 2018இல் அவர்கள் வெளியிட்டது, முழங்கால் வலி விடாத ஒரே நோயாளியின் வரலாறு: தடமி ஒளிர்ந்த இடத்தில் இருந்த திசு நீக்கப்பட்டது, வலி தணிந்தது. 1932இல் மிக்ஸ்டர் அறுத்த ஒருவரின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. அதில் கண்டது உண்மையாகவும் இருந்தது. முழங்காலைப் பொறுத்தவரை எதை முதலில் கேட்க வேண்டும் என்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாமில் 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் என்ற மூட்டுக் குருத்தெலும்பு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ இறுக்கமோ ஏதும் இல்லை. அவர்களைப் போன்றவர்களின் முழங்கால்களில் சிக்மா-1 தடமி எவ்வளவு ஒளிரும் என்று பார்த்தாக வேண்டும். கதிரியக்கத்தை நலமானவர்களுக்கு ஏற்றுவதில் அறச்சிக்கல் இருக்கிறது, செலவும் பெரிது. மைலோகிராம் காலத்தில் சொல்லப்பட்டிருக்கக்கூடிய காரணங்களும் இவைதான்.